பெயர் சொல்ல விரும்பாத வீரர்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஏழாம் பக்கம்
கிளீட்டஸ் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
இரண்டு காலம் அகலத்துக்குப் படம்.
அதன் வலது ஓரத்தில்
யாருடையதோ ஒரு முழங்கை,
மிச்ச ஆளை வெட்டிவிட்டார்கள்.
முழங்கை என்னுடையது.

'கோட்டை விட்டார் கிளீட்டஸ்' என்று தலைப்பு.

நடந்தது இது:
எழுபத்தெட்டாம் நிமிடம்,
தூத்தூர் கடற்கரை மைதானம், ஆனி மாசத்துக் காற்று.
நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து
"டென்சிலே" என்று கூப்பிட்டான்.
எப்போதும் அப்படித்தான்,
முதலில் பெயர் வரும், பின்னால் பந்து வரும்.
காற்றுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று
பங்கு வைத்து அனுப்பிய பந்து.

நான் ஓடவில்லை.
முட்டு வலித்தது என்று சொல்லலாம்.
வலிக்கவில்லை.
இது எட்டாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.
நான் நின்றிருக்கவேண்டிய இடத்தில் பந்து ஒருதரம் குதித்து,
யாருமில்லை என்று கண்டு,
வெளியே போய்
காயப்போட்டிருந்த நெத்தோலிமேல் விழுந்தது.
எலிசாக்கா எழுந்துவந்து
எங்கள் இருவரையும் ஒரே கெட்டவார்த்தைக்குள் போட்டுத் திட்டினாள்.
அந்த ஆட்டத்தைப் பற்றி
இதுவரை வந்த விமரிசனங்களில்
நியாயமானது அதுதான்.

இடது ஓரத்தில் ஆன்சல் மூன்று பந்தை விட்டான்.
ஒன்று நெஞ்சில் பட்டு எதிராளிக்குப் போனது.
ஒன்று காலுக்கடியில்.
மூன்றாவதற்குக் கையைத் தூக்கி ஆஃப்சைடு கேட்டு நின்றான்,
கொடிக்காரர் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.
இதெல்லாம் எங்கும் அச்சாகவில்லை.
ஓரத்தில் ஓடுகிறவனுக்கு அது ஒரு சௌகரியம்.
தோற்ற அன்று
கேமரா நடுவை விட்டு அசையாது.
ஜெயித்த அன்று ஓரத்துக்கு ஓடிவரும்:
போன வருஷம் என்னைத் தோளில் தூக்கிய படத்தில்
பின்னால், மங்கலாக,
குனிந்து பூட் கயிறு அவிழ்க்கிறான் கிளீட்டஸ்.

கேபிள் டிவியில் மூன்று நாள் அவன்தான்.
தலைக்கனம் என்றார் ஒருவர்.
துபாய் விசா வந்துவிட்டது, மனசு இங்கே இல்லை என்றார் இன்னொருவர்.
விசா வந்தது அவன் மச்சானுக்கு.
முடிவெட்டைப் பற்றித் தனியாக ஐந்து நிமிடம்.
சந்தையில் அவன் அம்மாவிடம்
சாளை விலை கேட்டவன்
விலையை விட்டுவிட்டு,
"பய ஏன் அப்படி அடிச்சான்?" என்றானாம்.
அவள் கூறுக்கு மேல் இரண்டு மீன் கூட வைத்தாளாம்,
போகட்டும் என்று.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்து
குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது
நாகர்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்த நிருபர் கேட்டார்,
பாஸெல்லாம் எப்படி, தம்பி?
"கொஞ்சம் நீளமாத்தான் வந்துது, சார்.
எம் பேரு போடாதீங்க."
நல்ல மனிதர். போடவில்லை.

திங்கட்கிழமை டீக்கடையில்
பழம்பொரியின் எண்ணெயை அந்தப் பக்கத்திலேயே ஒற்றிக்கொண்டு
கிளீட்டஸ் உரக்க வாசித்தான்:
"பெயர் சொல்ல விரும்பாத வீரர் ஒருவர் கூறுகையில்..."
நிறுத்தி எங்களைப் பார்த்தான்.
"பதினொருத்தனுக்கும் ஞானஸ்நானம் குடுத்தாச்சேடே,
இதுல பேரில்லாதவன் எவன்?"
கடையே சிரித்தது.
பந்துக்கு ஓடாத நான்
அந்தச் சிரிப்புக்கு முந்திக்கொண்டேன்.

செவ்வாய் சாயங்காலம் பயிற்சி.
ஒரு சாக்ஸ் மேலே, ஒன்று கீழே,
வழக்கம்போல வந்தான்.
அதே நடுக்கோடு, அதே காற்று, அதே நீளம்.
ஓடினேன்.
மூச்சு காதில் அடிக்க, வாயெல்லாம் மணல்.
பந்து என் வலது காலில்
ஒரு விரற்கடைகூடத் தப்பாமல் வந்து உட்கார்ந்தது.

திரும்பிப் பார்த்தேன்.
அவன் அடுத்த பந்தை வைத்துக்கொண்டிருந்தான்.
அதுவும் வந்தது, அதுவும் சரியாக.
அதற்கடுத்ததும்.
இருட்டும்வரை இருபதோ முப்பதோ,
ஒன்றுக்கும்
பெயர் கூப்பிடவில்லை.