கும்பிடு

வெள்ளிக்கிழமை காலையில் கிளாக்கர் கும்பிட்டான்.
முன்னங்கால் இரண்டையும் முற்றத்து மணலில் நீட்டி
நெஞ்சைத் தரையில் வைத்து
பின்பக்கத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு
அசையாமல்.
கழுத்தில் வெள்ளைப் பட்டி விழுந்த கறுப்பு நாய்.
கந்தோருக்குப் போகிறவன்போல் இருக்கிறான் என்று
நான்தான் அந்தப் பெயரை வைத்தேன்.
"கோயில் பக்கம் பாத்துக் கும்பிடுறான், பாருங்களன்"
என்றாள் சுதாமதி.
நிலுக்சன் வீடியோ எடுத்தான்.
எல்லாருடைய சிரிப்பும் அதில் இருக்கிறது,
என்னுடையதுதான் பெரிது.

முந்தின நாள் புல் தின்றான்.
வேலியோரம், மாடு மாதிரி, ஆனால் அவசரமாக.
"நாய் புல்லுத் திண்டா மழை" என்றார் பேரின்பத்தார்.
வயலுக்கு மழை வேண்டியிருந்தது.
நானும் வானத்தைப் பார்த்தேன்.

பிரிஜ் திருத்துவது என் தொழில்.
தம்பிலுவில் தொடங்கிப் பொத்துவில் வரை
எந்தக் குசினிக்குள் நுழைந்தாலும்
கதவைத் திறக்க முன்னமே சொல்லிவிடுவேன்:
காஸ் இறங்கிவிட்டது, ஃபேன் உரசுகிறது,
கொம்பிரசருக்கு இன்னும் ஒரு மாதம்.
காதுதான் எனக்குச் சோறு.
அந்தக் காதோடுதான் மூன்று இரவு
வாசலில் அவன் விழுங்குவதைக் கேட்டுக் கிடந்தேன்.
உதட்டை நக்கி, வெறும் வாயை விழுங்கி,
திரும்பவும் நக்கி.
கனவில் இறைச்சி தின்கிறான் என்று
மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

சனி.
சீமெந்தில் மஞ்சள் நுரை.
கீரிமீன் தலை போட்ட சோற்றில் எறும்பு.
குளியலறை ஈரத்தில் வயிற்றை ஒட்டிக் கிடந்தான்.
ஒருநாளும் உறுமாதவன்
விலாவில் கை வைத்ததும்
என் மணிக்கட்டைப் பல்லால் பிடித்தான்.
கடிக்கவில்லை. பிடித்தான்.
குனிந்து காதை வைத்தேன்.
நேற்று வரை குடுகுடுத்த வயிறு,
ஒன்றுமில்லை.
சத்தம் போடும் பிரிஜ்ஜுக்கு நான் பயப்படுவதில்லை.
சத்தம் நின்றதற்குத்தான்.

ஓட்டோ அக்கரைப்பற்றைத் தாண்டியது.
அம்பாறை வரை வயல்.
ஒவ்வொரு குழிக்கும் நிலுக்சனின் மடியில் முனகினான்.

டொக்டர் உதேனிக்குத் தமிழ் கொஞ்சம்.
எனக்குச் சிங்களம் பிரிஜ் அளவுக்கு:
கூலிங் நே, மோட்டர் பிச்சுனா.
அவனுக்கு இரண்டும் இல்லை.
உதட்டைத் தூக்கி முரசில் விரலை அழுத்தி எடுத்தார்.
வெள்ளை.
"எண்ணுங்க" என்றார்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு,
சிவப்பு எங்கேயோ வழியில் நின்றுகொண்டிருந்தது.
பிடரித் தோலைக் கிள்ளி விட்டார்.
கூடாரமாய் நின்றது, இறங்கவில்லை.

நிலுக்சன் வீடியோவைக் காட்டினான்.
எங்கள் சிரிப்பின் சத்தத்தைக் குறைத்துவிட்டு
இன்னொரு தரம் பார்த்தார்.
"இது கும்பிடு இல்ல. பட ரிதெனவா.
வயிறு நோ. நோவுக்கு இடம் குடுக்கிறது, இப்பிடி."
இப்பிடி என்று
மேசைமேல் தன் முன்னங்கைகளை நீட்டிக் காட்டினார்.

வெட்டி எடுத்தது சோளன் கட்டை,
பெருவிரல் நீளத் துண்டு.
ரோட்டில் அவித்த சோளன் வாங்கித் தின்று
கட்டையை அவனுக்கு எறிந்தது யார் என்று
சுதாமதி கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

கஞ்சி முடிந்து, சோறு பிடித்து,
தையல் பிரித்து ஐந்து நாள்.
இன்று காலை படலைக்குள் சைக்கிளை நிறுத்துகிறேன்,
முற்றத்தில் கிளாக்கர்.
முன்னங்கால் நீட்டி. நெஞ்சு மணலில். பின்பக்கம் மேலே.
சைக்கிள் விழுந்தது, ஸ்பேனர்ப் பையும்.
ஓடிப்போய் முழங்கால் குத்தி
முன்னங்கை இரண்டும் மணலில் ஊன்றி
காதை அவன் வயிற்றடியில் கொண்டுபோனேன்.
வால் என் முகத்தில் அடித்தது.
ஒரு குரைப்பு. ஒரு துள்ளல்.
விளையாட வா என்கிறான்.

என்றாலும் பிடித்து உதட்டைத் தூக்கினேன்.
ஒண்டு.
ரெண்டுக்கு முன்னம் சிவந்தது.
நிலுக்சன் வாசலில் நின்றான்,
போனை எடுக்கவில்லை.