பதினோரு ஏக்கர் புல்

டெல்மர் தன் குதிரைகளை விற்ற வருஷம்
எங்கள் புல்லுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.
வைக்கோல் என்று சொல்லிவிடாதீர்கள்.
வைக்கோல், தானியம் போன பின் நிற்கிற மிச்சம்.
இது புல்லுக்காகவே வளர்ந்த புல்.
ஜூன் கடைசியில் அறுத்து, மூன்று நாள் வெயில் காட்டி,
மழைக்கு முன் கட்டி ஏற்றுவது.
வெர்மான்ட்டில் மூன்று நாள் வெயில் சேர்ந்து வருவது
ஒரு கல்யாணத்துக்கு எல்லா உறவும்
சண்டையில்லாமல் வந்து போவது மாதிரி.

கட்டு ஒன்று நாலு டாலர்.
கயிறும் டீசலும் மூன்றரை.
எல்வுட் தன் இடுப்பெலும்பை
அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

யோசனைகள் மட்டும் இலவசமாக வந்தன.
சோலார் கம்பெனிக்காரன் வேலியோரம் நின்றபடியே
"இருபத்தைந்து வருஷம்,
நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம்" என்றான்.
எல்வுட்டின் முகம் அப்போது போன போக்கை
யாரிடமும் நான் சொன்னதில்லை.
கிறிஸ்துமஸ் மரம் போடு என்றார்கள் தீவனக் கடையில்.
பூண்டு என்றாள் தபால்காரி.
கல்யாணங்களுக்கு வாடகை விடலாம் என்றான் என் தம்பி ஆர்லோ.
அவனுக்கே இரண்டு முறிந்திருக்கிறது.

மண் பரிசோதனைத் தாள் வந்தது.
அமிலம் அதிகம், ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு.
பொட்டாஷ், மிகக் குறைவு.
நாற்பது வருஷம் கட்டுக் கட்டாக வண்டியேற்றி
வேறு எதை விற்றோம் என்பதற்கு
அந்த ஒற்றைத் தாளில் ரசீது இருந்தது.

பிளாக்கரண்ட் என்று முடிவு செய்தது நான்.
முதல் குழியை வெட்டியதும் நான்.
மண்வெட்டி இறங்கவில்லை.
திமோத்திப் புல்லின் வேர், நனைந்த ஜமுக்காளம்.
அதற்குக் கீழே கல்.
அதற்கும் கீழே அந்தக் கல்லின் அண்ணன்.
இருட்டும்வரை ஒன்பது குழி.

இந்த வருஷம் அரை ஏக்கர், அடுத்த வருஷம் அரை.
மீதியை என்ன செய்வது?
சும்மா விட்டால் நாலே கோடையில்
பாப்லர் கன்றுகள் தோளுயரம் வந்துவிடும்.
பிறகு அது காடு, நம்மைக் கேட்காது.
ஆக, புல்லை ஒழிக்க வேண்டுமானால்
புல்லை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.
ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது
எல்வுட் உருளைக்கிழங்கிலிருந்து தலை தூக்கவில்லை.
விடியுமுன் கொட்டகையில்
அறுப்பு இயந்திரத்துக்கு
கிரீஸ் அடிக்கும் சத்தம் கேட்டது.

யாரும் வாங்காத அந்தப் புல்லைச்
செடிகளின் காலடியில் பரப்பினோம், ஒரு சாண் கனத்துக்கு.
ஈரம் நிற்கும், களை வராது என்றது புத்தகம்.
நாங்கள் அறுத்தது ஜூலை பாதியில், மழை முழுக்க ஓய்ந்து,
கதிர் முற்றிய பிறகு என்று
புத்தகத்துக்குத் தெரியாது.

அடுத்த மே மாதம் போய்ப் பார்த்தேன்.
நான் சுண்ணாம்பு போட்டு இளக்கிய மண்ணில்,
சாணம் சுமந்து கொட்டிய மண்ணில்,
வரிசை பிசகாமல்,
இந்த வயல் இதுவரை காணாத செழிப்பில்
திமோத்தி.
நடுநடுவே, தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் போல்,
பிளாக்கரண்ட்.

எல்வுட் தடியூன்றி வந்தான்.
ஒரு தண்டை உருவி அடிப்பக்கத்தை மென்றான்.
"முதல் தரம்" என்றான்.
அடிக்கத்தான் கை ஓங்கினேன்.
சிரிப்பு முந்திக்கொண்டது.

இப்போது மூன்றாம் வருஷம். நாலு வாளிப் பழம்.
நகக்கண்ணில் ஏறிய கறுப்பு
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் போகவில்லை.
டெல்மர் ஒரு கழுதை வாங்கியிருக்கிறான்,
எதற்கென்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.
களையாகப் பிடுங்கியதை உலர்த்திக் கட்டி
அவனுக்கு அனுப்புகிறோம்.
கட்டுக்கு ஒரு டாலர் என்று
எல்வுட் பழைய நோட்டிலேயே எழுதி வைக்கிறான்.

மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.
படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.
அவனுக்கு இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும்.
எனக்கு, இன்றிரவே மழை.