பெட்டி வாடகை

அருவங்காட்டில் ஒரு சாவு என்றால்
பூக்கடைக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும்.
கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி
இரண்டு வைத்திருக்கிறேன்.
ஒன்று கொஞ்சம் சத்தம் போடும்.

முதலில் நான் கேட்பது,
வெளியிலிருந்து யார் வரணும்?
ஊர்ப்பெயர் போதும், வாடகை சொல்லிவிடுவேன்.
துபாய், ஒரு ராத்திரி.
சிங்கப்பூரும் அப்படித்தான், டிக்கெட் உடனே கிடைத்தால்.
மெல்போர்ன் என்றால் ஜெனரேட்டருக்கு டீசலையும்
சேர்த்துப் பேசிக்கொள்வேன்.
குன்னூர் கரண்ட்டை நம்பி
யாரையும் படுக்கவைக்க முடியாது.

சவரிராயன் அண்ணனுக்குக் கால்கரி.
நான் கேள்விப்படாத ஊர்.
பக்கத்து லைன் பையன் செல்போனில் போட்டுக் காட்டினான்:
பதின்மூவாயிரம் கிலோமீட்டர்.
நேராகக் கோடு இழுத்தால்
வடதுருவத்தை உரசிக்கொண்டு வருகிறது,
ஆள் வாடையே இல்லாத
வெறும் ஐஸ் மேல்.
பிளேன் அப்படி வராது மாமா, என்றான்.
பிராங்பர்ட்டில் நாலரை மணி நேரம் உட்கார்ந்து
சென்னையில் சாமான் எடுத்து
கோயம்புத்தூருக்கு வேறே டிக்கெட்.
மொத்தம் முப்பத்தொன்று.
ஜெனிட்டா அங்கே வீட்டை விட்டுக் கிளம்பவே
பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது.
அதை எந்தச் செல்போனும் கூட்டிச் சொல்வதில்லை.

நோட்டை எடுத்தேன். கால்கரி, 42.
அதே பக்கத்தில் போன மாசி மாதத்து வரி ஒன்று:
லவ்டேல், 61.
ஒன்பது கிலோமீட்டர்தான்.
தோட்டத்துப் பங்கில் பேச்சு முறிந்த தம்பி.
மூன்றாம் நாள் சாயங்காலம் கேட் வரை வந்தார்.
செருப்பைக் கழற்றவில்லை.

இரண்டாம் ராத்திரி பிடித்த மழை.
ஏழு மணிக்கு, இறங்கிவிட்டாள் என்றார்கள்.
எட்டு மணிக்கு, பர்லியாரில் மண் சரிந்துவிட்டது என்றார்கள்.
வண்டி கோத்தகிரி ரோட்டுக்குத் திரும்பியது.
குஞ்சப்பனையில் யானை.
பாதி உலகத்தைத் தாண்டி வந்தவள்
அது பலாப்பழம் தின்று முடிக்கும்வரை
முக்கால் மணி நேரம்
கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தாள்.
கழுத்தில் அந்த வளைந்த தலையணை
இன்னும் மாட்டியபடியே. யாரும் சொல்லவில்லை.
நேரே என்னைப் பார்த்து,
"மன்னிச்சுக்கங்க, லேட்டாயிடுச்சு" என்றாள்.
நான் பெட்டிக்காரன். எனக்கு என்ன சொல்லத் தெரியும்?
ஜாக்கெட் கையால் கண்ணாடியைத் துடைத்தாள்.
அந்தக் கையில் கட்டியிருந்த வாட்சில்
இன்னும் நேற்று ராத்திரி பதினொன்றரை.

சுவிட்சை அணைத்தேன்.
இரண்டு நாளாக இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றதும்
யாரோ எழுந்து வெளியே போனதுபோல்
எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லறையிலிருந்து வந்தபிறகு
நோட்டில் நாற்பத்தாறு என்று திருத்தினேன்.
யானை நின்ற நேரத்துக்குக்
காசு வாங்கவில்லை.