போர்டை இழுக்கிறவள்

ஓடி வருவாள் கெஜலட்சுமி.
பெயரில் யானை, எடை நாற்பத்தொன்று.
மிதித்து ஏறி, பீமில் அவள் கால் பட்டதும்
ஸ்பிரிங் போர்டை வெளியே இழுப்பது என் வேலை.
மூன்று நொடி.
கல்லூரி அணியில் நான்கு வருடம்
நான் செய்தது அதுதான்.
சான்றிதழில் 'பங்கேற்றார்' என்று போட்டிருக்கிறது.
பொய்யில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் ஹால்
அதற்கு முன் வெங்காயக் குடோன்.
மழை நாளில் மெத்தையில் முகம் பதித்தால்
கண் எரியும்.
எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள்
மணிக்கணக்கில் நகராமல் கிடக்கும்.
ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து
லாரிக்கும் லாரிக்கும் இடையே புகுந்து
மிச்ச தூரம் ஓடியே வருவாள்.
"வார்ம்-அப் ஆயிட்ச்சு சார்" என்பாள் கோச்சிடம்,
மூச்சு வாங்காமல்.

பாரில் உள்ளங்கை கிழிந்தால்
ஊதிக்கொள்ள மாட்டாள்.
ஐஸ் ஃபேக்டரியில் வேலைபார்க்கும் அவள் அம்மா
டிபன் டப்பாவில் ஐஸ்கட்டி கொடுத்தனுப்புவாள்.
வந்து சேர்வதற்குள் பாதி தண்ணீர்.
லேசாக மீன் வாசமடிக்கும் அந்தத் தண்ணீரில்
அணி மொத்தமும் கை நனைத்திருக்கிறோம்.

முதல் வருடம் பீமில் தங்கம்.
இரண்டாம் வருடம் எல்லாப் பிரிவும் சேர்த்து முதலிடம்.
தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள் அண்ணனின் நண்பர்கள்.
அந்தரத்தில் இரண்டு பக்கமும் விரிந்த அவள் கால்களுக்கு
கம்ப்யூட்டரில் நீலப் பேண்ட் வரைந்திருந்தார்கள்.
நின்று பார்த்தாள்.
"நல்லாத்தான் தச்சிக்கீறான்" என்றாள்.

மூன்றாம் வருடம் அகில இந்தியப் போட்டி.
பஞ்சாபில், ஜனவரியில்.
பீமிலிருந்து போர்டுக்கு அவள் கணக்கு
என் பாதத்துக்கு ஐந்து.
வெங்காயக் குடோனில் வெறுங்காலால் அளந்த கணக்கு.
அங்கே குளிரில் நான் ஷூவைக் கழற்றவில்லை.

ஐந்து பாதம் வைத்தேன். நிமிர்ந்தேன். தலையாட்டினேன்.

ஏறியதும் ஒரு தள்ளாட்டம்.
விழவில்லை, இடுப்பு மட்டும் கொஞ்சம் ஒசிந்தது.
பார்த்துக்கொண்டிருந்தவர்கள்
அதையும் அழகென்றே நினைத்திருப்பார்கள்.
நடுவர்கள் நினைக்கவில்லை.
புள்ளி ஒன்றில் வெள்ளி.

மெடலோடு வந்து உட்கார்ந்தவள்
என் ஷூவைப் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு பையைத் திறந்து
பாதி பிஸ்கட்டை எனக்கு உடைத்துக் கொடுத்தாள்.
ரயிலில் இரண்டு ராத்திரி
அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
திட்டியிருக்கலாம்.

நான்காம் வருடம் அதே தங்கம் வந்தது.
வரவேண்டிய பாக்கி வந்ததுபோல்
யாரும் பெரிதாகப் பேசவில்லை.
அடுத்த மாதம் இடது கணுக்கால்.
ஸ்டான்லியில் இரண்டு ஸ்குரூ வைத்தார்கள்.
ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே எடுத்துக்கொண்டது.
ஹாலை இப்போது கல்யாணங்களுக்கு விடுகிறார்கள்.

போன செவ்வாய், கும்மிடிப்பூண்டி வண்டியில்
"டிக்கெட்" என்றது ஒரு கறுப்புக் கோட்.
அவள்தான். கொஞ்சம் பூசியிருந்தாள்.
"இன்னாடி, சீசனா?" என்று என் பாஸை வாங்கி
தேதியைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.
பக்கத்து சீட்டுப் பையன் மாட்டினான்.
கொருக்குப்பேட்டை தாண்டியதும்
பெட்டி ஒரு உலுக்கு உலுக்கியது.
கம்பியை, தோளை, ஜன்னலை, கூடையை
ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.
அவள் எதையும் பிடிக்கவில்லை.
ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பேனா.
முழங்கால் மட்டும் மெல்ல மடங்கி நிமிர
இருநூற்றைம்பது ரூபாய்க்கு ரசீது எழுதினாள்.
கோடு விலகவில்லை.

விம்கோ நகரில் வண்டி நிற்பதற்குள் இறங்கினாள்.
அவள் எம்பிய கணத்தில்
உட்கார்ந்த இடத்திலேயே என் கை நீண்டு
எதையோ பிடித்து இழுத்தது.
முறைத்தாள் எதிர் சீட்டு அம்மா.

பிளாட்பாரத்தில் இரண்டு பாதமும் சேர்ந்து பதிந்தன.
பிறகு இடது கால்
ஒரு சின்ன அடி முன்னால் வைத்தது.
அதற்கும் புள்ளி ஒன்றுதான் கழிப்பார்கள்.