முதல் அடுக்கு: கலைந்தது

வானொலி டான்யூபின் உயரத்தை வாசிக்கிறது,
ஊர் ஊராக, சென்டிமீட்டர் கணக்கில்,
காய்ச்சல்காரனின் உடம்புச் சூட்டைச் சொல்வதுபோல.
எங்கள் கரைக்கு இன்று: ஏற்றம், பதினாறு.
வெதுரியா கரணையைக் கீழே வைத்துவிட்டு
விரல் மடக்குகிறார்.
ஐந்து நாள் என்றிருந்தது மூன்றாகிவிட்டது.

மேட்டில் பாதி ஏற்கெனவே ஆற்றுக்குள்.
மிச்சப் பாதி செங்குத்தாய் நிற்கிறது.
நான் வரைபவள்.
அந்த வெட்டுமுகத்தைக் கோடு கோடாகத்
தாளில் இறக்குவது என் வேலை, இருபதுக்கு ஒன்று அளவில்.
நேற்று வரைந்த சுவர் இன்று இல்லை.
அதன் தாள் மட்டும் கிளிப்பில் படபடக்கிறது.

எங்களுக்கு முன்பே தோண்டத் தொடங்கியவை தகைவிலான்கள்.
பொந்து வாசலில் அவை தள்ளிவிட்ட மண்ணைச் சலித்தால்
சில நேரம் ஒரு கெளுத்தி முள்,
ஒருமுறை சிப்பி வளையலில் கால்வாசி.
பதிவேட்டில் ‘கண்டெடுத்தவர்’ என்ற கட்டத்தில்
லிவியு ‘பறவை’ என்று எழுதினான்.
யாரும் திருத்தவில்லை.

எரிந்த வீடு. ஆறாயிரத்துச் சொச்சம் ஆண்டு.
சுவர்மண் செங்கல்லாய் வெந்து கிடக்கிறது,
உடைத்தால் உள்ளே உமியின் அச்சு.
தரையைப் பதினோரு முறை மெழுகியிருக்கிறார்கள்.
என் பென்சில் முனை அந்தக் கோடுகளைவிடத் தடிமன்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே வண்டல், ஒரு விரற்கடை.
ஆறு அப்போதே ஒருமுறை உள்ளே வந்து பார்த்திருக்கிறது.
அதன் மேலேயே மறுபடி மெழுகியிருக்கிறார்கள்.

தள்ளுவண்டி அங்கெலுடையது.
மேட்டு உச்சியில் இருந்த திராட்சைத் தோட்டமும்.
பதினெட்டு வரிசை. இப்போது ஏழு.
போன வசந்தத்தில் இடுகாடு சரிந்தபோது
தகப்பனை மக்காச்சோளச் சாக்கில் கட்டி
சைக்கிளில் மேல்தெருவுக்குக் கொண்டுபோனவர்.
“சீட்டெல்லாம் ஒட்டவில்லை” என்பார்,
“யாரென்று எனக்குத் தெரியுமே.”

மதியம், ரொட்டியும் உப்புச் சீஸும்.
என் தாளின் மேல் குனிந்தார்.
தொடாமல், விரலால், அடியிலிருந்து ஏறினார்.
சாம்பல் புரிந்தது. தரை புரிந்தது. அடுப்பைக் கண்டு தலையசைத்தார்.
உச்சியில் விரல் நின்றது.
“இங்கே என்ன எழுதியிருக்கிறாய்?”
வாசித்தேன்:
முதல் அடுக்கு. அண்மைக் காலம். கலைந்தது.
மாதிரி எடுக்கத் தேவையில்லை.

கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார்.
“அது நான்தான்” என்றார்.
பிறகு சிரித்தார், புரையேறும்வரை.
லிவியு முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

கடைசி நாளில் கை ஒன்றுக்குத்தான் எட்டும்:
அடுப்பு, அல்லது தரைக்கடியில்
முழங்காலை மார்போடு அணைத்துக் கிடந்த ஒருவர்.
“செத்தவர் எங்கே போனாலும் செத்தவர்தான்,
அடுப்பு அப்படியில்லை” என்று அங்கெல் வாதாடினார்.
வெதுரியா எலும்புகளைத் தேர்ந்தெடுத்தார்.
நான் யார் பக்கம் என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

ஏழு மணி சுமாருக்கு அடுப்பு போயிற்று.
பெரிய சத்தமில்லை, மாவு மூட்டை ஒன்றை இறக்கிவைத்ததுபோல.
தண்ணீர் சிறிது நேரம் சிவந்து,
நீர்வஞ்சி மரங்களைத் தாண்டுவதற்குள்
பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

இருட்டும் நேரம் அங்கெல் கூடாரத்துக்கு வந்தார்,
ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டுக் கொடிக்குச்சிகளோடு.
துளிர் விட்டவை, இனி நட்டாலும் பிழைக்காது,
அது அவருக்குத் தெரியும்.
எங்கள் பைகளில் ஒன்று கேட்டார். சீட்டும்.
கொடுத்தேன்.
லாந்தர் அருகே உட்கார்ந்து,
பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் நிதானமாக நிரப்பினார்.
அடுக்கு: ஒன்று.
ஆழம் என்ற கட்டத்தில் பூஜ்யம்.
கண்டெடுத்தவர் என்ற இடத்துக்கு வந்தபோது
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த காலை லாரியில் இருந்தோம்.
வானொலி எங்கள் ஊரின் பெயரைச் சொல்லும் நேரம் பார்த்து
ஓட்டுநர் கியர் மாற்றினார்.
எண் காதில் விழவில்லை.