சில்லுக்கு ஒரு கட்டை

ரோட்டிலிருந்து மேட்டு லயத்துக்கு
நூற்றுப் பதினொரு படி.
மேலே எங்கள் வீடு.
இடுப்பு விழுந்ததிலிருந்து
ரோட்டோரம் மச்சானின் முன்னறையில் இருக்கிறோம்.

பெப்ரவரியில் பத்துப் படி ஏறினேன்.
ஏப்ரலில் இருபத்தெட்டு.
மே கடைசியில் நாற்பத்து மூன்று.
அன்றைக்கு பிலோமினா டின்மீன் உடைத்தாள்.
ஜூனிலும் நாற்பத்து மூன்று.
ஆகஸ்டிலும்.

அந்தப் படி நடுவில் வெடித்தது.
வெடிப்புக்குள் பாசி.
அதற்கு மேல் காலை வைத்தால்
இடுப்பிலிருந்து குதிக்கால் வரைக்கும்
யாரோ பெல் கயிற்றை இழுக்கிறார்கள்.
இறங்க வேண்டியவன் நான்தான்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள்
"மாமா, கொஞ்சம் தள்ளுங்க" என்று
இரண்டு பக்கத்தாலும் ஓடி ஏறும்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுவார்கள்:
"ஆரோக்கியராஜ்!"
வாங்கில் இருக்கிற அத்தனை நோயாளியும்
திரும்பிப் பார்ப்பார்கள்.
பெயர் வைத்த அப்பாவை
நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒவ்வொரு ராத்திரியும்
பூச்சியத்திலிருந்து பத்துக்குள்
வலிக்கு ஒரு நம்பர் எழுதச் சொன்னார் நிலூஷா மிஸ்.
பதினாறு வருசம் டிக்கட் எழுதின கை.
ஆறு. ஆறு. ஆறு.
மழைக்கு ஏழு.
ஆறு.
ஒரு கிழமை பொய்யாக நாலு என்று எழுதினேன்.
கொப்பியைப் பார்த்து மிஸ் சிரித்தார்.
டிக்கட் எடுக்காமல் இறங்கினவன் மாதிரி
வாசல் வரைக்கும் வேகமாக நடந்தேன்.
அந்த வேகத்துக்கும் ராத்திரி வலித்தது.

"கவ்வாத்து வெட்டின மலையைப் பாருங்க,
மொட்டையா நிக்கும், பிறகு துளிர்க்கும்"
என்றாள் பிலோமினா.
"நான் தேயிலை இல்லை" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பதினெட்டுக் கிலோ எடுத்துவிட்டு வந்திருந்தாள்.
அவள் காலில்
அட்டை கடித்த இடம் இன்னும் கசிந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள்
பாயை விரிக்கவில்லை.
முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கவில்லை,
இடுப்பைத் தூக்கிப் பத்து வரை எண்ணவில்லை.
செய்தாலும் ஆறு, செய்யாவிட்டாலும் ஆறு,
பிறகு எதற்கு இந்தக் கூத்து?

பத்தாம் நாள்
முப்பத்தொராம் படியில் நின்றுவிட்டேன்.

ரோட்டில் பஸ் ஒன்று
முக்கி முக்கி ஏறுவது கேட்டது.
எங்கள் பஸ் இல்லை.
ஆனாலும் கை தானாகக் குனிந்தது,
ஒரு கட்டையைத் தேடி.

மழை நாளில்
நோர்வூட் தாண்டின வளைவில்
பஸ் இழுக்காமல் நின்றுவிடும்.
திலகசிறி அண்ணன் ஸ்டேரிங்கில் தொங்கிக்கொண்டு
"கட்டை!" என்று கத்துவார்.
நான் குதித்து
பின் சில்லுக்குக் கீழே அடைவேன்.
சவுக்குக் கட்டை, நான் வெட்டினது,
ஒரு பக்கம் டயர் தின்று வழவழத்தது.
அதற்குப் பெயர் ஏறுவது இல்லை.
உள்ளே எழுபது சனம், கொழுந்துச் சாக்கு,
யாரோ ஒருத்தியின் கைப்பிள்ளை.
கீழே பள்ளம்.
யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.
அதை ஒரு வேலை என்று
நானும் நினைத்ததில்லை.

நாற்பத்து மூன்றில்
மூன்று மாதம் என்னை நிறுத்தி வைத்தது
அந்தப் பாய்தானா?

தெரியாது.
மிஸ்ஸிடம் கேட்டால்
"ஹெமின், ஹெமின்" என்பார்,
எல்லாருக்கும் சொல்கிற மாதிரி.

இன்றைக்குக் காலையில் பாயை விரித்தேன்.
பூனை வந்து நடுவில் படுத்தது.
அதைத் தள்ளிவிட்டு
ஆறு பயிற்சியில் நாலு செய்தேன்.
முப்பத்தெட்டுப் படி.
கொப்பியில் ஆறு என்றுதான் எழுதினேன்,
கொஞ்சம் அழுத்தி.

பொழுது சாய பிலோமினா
கோழிக்குத் தீனி போட்டுவிட்டு மேலேயிருந்து இறங்கினாள்.
மடியில் இரண்டு முட்டை.
பூட்டு துருப்பிடித்துவிட்டது,
எண்ணெய் விட வேண்டும் என்றாள்.

"மற்றத் திறப்பு எங்கே?"
"எதுக்கு?"

சொல்லத் தெரியவில்லை.
அவள் தேடி எடுத்துத் தந்தாள்.
ஆணியில் தொங்குகிற
பழைய சில்லறைப் பைக்குள் போட்டேன்.
உள்ளே ஒரு ரெண்டு ரூபாய்க் குற்றி இருந்திருக்கிறது.
இரண்டும் உரசிச் சத்தம் கேட்டது.