பாலம் வரை

இரவு பதினொன்றரை. தலவாக்கலையில்
தகரத்தில் மழை; பேசினால் கேட்காது.
விக்கியில் "ஓடும்" என்றிருந்த விளையாட்டை
யாரோ "ஓடாது" ஆக்கியிருக்கிறார். ஆதாரம் இல்லை.
பழையபடி மாற்றினேன்.
திரும்ப "ஓடாது."
திரும்ப மாற்றினேன்.

மூன்றாம் தடவை காரணம் எழுதியிருந்தான்:
"அண்ணே, என்னிடம் ரெண்டு ஜிபி ரேம்தான்.
தொங்குபாலத்தில் உறைஞ்சு போகுது.
லோகிதன், பொகவந்தலாவை."
நான் அண்ணன் இல்லை. அது பிறகு.

என் கணினியில் பாலத்தை ஏழு தடவை கடந்தேன்.
பின் மூடியைத் திறந்து ஒரு ரேமைக் கழற்றிவிட்டு
எட்டாம் தடவை போனேன்.
குதிரை அந்தரத்தில்,
முன்கால் தூக்கியபடி.

அட்டவணையில் இரண்டே சொற்களுக்குத்தான் இடம்.
மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன்:
"பாலம் வரை ஓடும்."
சோதித்தவர் என்ற இடத்தில்
அவன் பெயரைப் போட்டுச் சேமிக்கிறேன்,
கரண்ட் போகிறது.